வெளிநாட்டு நாற்காலி ஏலங்களின் முடிவை எப்படிப் படிப்பது? வடசென்னை மரச்சாமான் கடைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்ணடி, வண்ணாரப்பேட்டை, ராயபுரம், பெரம்பூர் பக்கம் பழைய மரச்சாமான் வாங்கி விற்பவர்களுக்கும், பாலிஷ் போடுபவர்களுக்கும், பிரம்பு பின்னுபவர்களுக்கும், தாத்தா காலத்து நாற்காலியை என்ன செய்வது என்று யோசிப்பவர்களுக்கும் எழுதியது இது. "இந்த மாதிரி நாற்காலி பாரிஸில் இத்தனை லட்சத்துக்குப் போச்சாம்" என்று ஒரு படம் போனில் சுற்ற ஆரம்பித்தால், மறுநாளே கடைக்கு நாலு பேர் வருகிறார்கள். அவர்கள் கேட்பதையும், நெடுநாள் தொழிலில் இருப்பவர்களே கேட்பதையும் சேர்த்து இங்கே பதில் சொல்லியிருக்கிறோம்.

லண்டனில் நடக்கும் ஏலம் நமக்கு எதற்கு?

வீட்டுக்காரர் சொல்லும் விலை இப்போது அங்கிருந்துதான் வருகிறது என்பது ஒரு காரணம். அவர் பார்த்த தொகையைப் படிக்கத் தெரிந்தால்தான் அவரிடம் நியாயமாகப் பேச முடியும்.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. நம் கடற்கரையில் செய்த சாமான் அந்த ஏலங்களில் தொடர்ந்து வருகிறது. இங்கிலாந்தின் ஹொரேஸ் வால்போல் 18-ஆம் நூற்றாண்டில் தன் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகைக்காகக் கருங்காலி நாற்காலிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். டியூடர் மன்னர்கள் காலத்து இங்கிலாந்துச் சாமான் என்றே அவற்றை நம்பினார். அப்படிப்பட்ட நாற்காலிகள் 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கடற்கரையில் நம் தச்சர்கள் செதுக்கியவை என்பது இன்று தெளிவு. அவற்றுக்கு ஏல நிறுவனங்கள் எழுதும் விவரக் குறிப்பில் மரம், செதுக்கல், இணைப்பு, பிற்காலப் பழுது எல்லாம் இருக்கும். நம் ஊர் சாமானைப் பற்றிப் படிக்க இவ்வளவு விவரமான எழுத்து வேறு எங்கும் இலவசமாகக் கிடைப்பதில்லை.

எந்த நிறுவனங்களைப் பார்க்க வேண்டும்?

கிறிஸ்டீஸ், சோத்பீஸ், ஃபிலிப்ஸ் மூன்றும் உச்ச விலை நடக்கும் இடங்கள். ஆனால் கற்றுக்கொள்ள அவை மட்டும் போதாது. சிகாகோவின் ரைட், நியூ ஜெர்சியின் ராகோ, பாரிஸின் பியாசா, ஆர்க்கூரியல், ஸ்டாக்ஹோமின் புகோவ்ஸ்கிஸ், கோபன்ஹேகனின் புரூன் ராஸ்முசென் இவற்றில் ஆயிரம், இரண்டாயிரம் டாலர் அளவிலான சாமான் நிறைய வரும். நடுத்தர விலையில் அடிக்கடி விற்கும் பொருள்தான் சந்தையின் உண்மையான போக்கைக் காட்டும். இந்தியச் சாமானுக்கு லண்டன் பான்ஹாம்ஸையும், மும்பையின் சாஃப்ரன்ஆர்ட், அஸ்டகுரு, புண்டோல்ஸ் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். இரண்டு பெரிய நிறுவனம், இரண்டு நடுத்தர நிறுவனம், ஒரு இந்திய நிறுவனம் என்று ஐந்தோடு நிறுத்துங்கள். ஒரே பொருள் பல இடங்களில் என்ன விலைக்குப் போகிறது என்று ஒப்பிட அது போதும்.

ஏலம் எப்போது நடக்கும்? நம் நேரத்துக்கு எத்தனை மணி?

நியூயார்க்கில் டிசைன் ஏலங்கள் (பெயர்பெற்ற வடிவமைப்பாளர்களின் சாமானுக்கானவை) பெரும்பாலும் ஜூனிலும் டிசம்பரிலும் வரும். பாரிஸ், லண்டன் ஏலங்கள் வசந்த காலத்திலும், அக்டோபர் நவம்பர் வாக்கிலும் அதிகம். நியூயார்க்கில் காலை 10 மணி என்றால் நமக்கு ஜூனில் இரவு 7:30, டிசம்பரில் 8:30. லண்டனில் மதியம் 2 மணி என்றால் கோடையில் மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. பாரிஸ் அதற்கு ஒரு மணி நேரம் முந்தி. ஒரு மணி நேர வித்தியாசத்தை மறந்துவிட்டு உட்கார்ந்தால் பார்க்க வேண்டிய லாட் (பட்டியலில் எண் போட்டு ஏலம் விடும் உருப்படி) போயிருக்கும்.

முடிவில் "விற்றது" என்று போட்டிருக்கும் தொகை, சுத்தி தட்டிய விலைதானா?

பெரும்பாலும் இல்லை. அதிகம் பேர் ஏமாறும் இடம் இது.

ஏலக்காரர் சுத்தி தட்டும்போது நிற்பது சுத்தியல் விலை. அதன்மேல் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தனியாக ஒரு சதவீதம் கட்ட வேண்டும். அதைப் பிரீமியம் என்பார்கள். கிறிஸ்டீஸ், சோத்பீஸ், ஃபிலிப்ஸ் வெளியிடும் முடிவில் பிரீமியம் சேர்ந்தே இருக்கும். ஆனால் ஏலத்துக்கு முன் போடும் மதிப்பீட்டு விலையில் பிரீமியம் சேராது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் கணக்கு தவறிவிடும்.

ஒரு நாற்காலிக்கு மதிப்பீடு 10,000 முதல் 15,000 டாலர். முடிவில் 12,700 என்று இருக்கிறது. நல்லபடியாக நடுவில் விற்றது என்றுதான் தோன்றும். பிரீமியம் 27 சதவீதம் என்றால் சுத்தி தட்டியது 10,000-க்கு. அதாவது மதிப்பீட்டின் அடிமட்டத்தில், அநேகமாக ஒரே ஒருவர் கேட்டு முடிந்திருக்கிறது. அந்த நாற்காலிக்கு அன்றைக்குப் போட்டியே இல்லை.

புகோவ்ஸ்கிஸ், புரூன் ராஸ்முசென் போன்ற வடக்கு ஐரோப்பிய நிறுவனங்களின் பக்கங்களில் சுத்தியல் விலையையே காட்டும் வழக்கம் உண்டு. டென்மார்க் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வேக்னரின் ஒரே மாதிரி நாற்காலி கோபன்ஹேகனில் மலிவாகவும் நியூயார்க்கில் ஏறுமுகமாகவும் தெரிந்தால், முதலில் பிரீமியத்தைச் சமன்படுத்திப் பாருங்கள். பாதி வித்தியாசம் அங்கேயே கரைந்துவிடும்.

பிரீமியத்தைக் கழித்து சுத்தியல் விலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்த ஏலம் நடந்த தேதியில் இருந்த விகிதம் வேண்டும். விகிதம் மாறிக்கொண்டே இருக்கும். சோத்பீஸ் 2024 மே மாதத்தில் அதை 60 லட்சம் டாலர் வரை 20 சதவீதமாகவும் அதற்கு மேல் 10 சதவீதமாகவும் குறைத்தது. 2025 பிப்ரவரியில் மறுபடி மாற்றி, 20 லட்சம் டாலர் வரை 27, அதற்கு மேல் 80 லட்சம் வரை 22, அதைத் தாண்டினால் 15 சதவீதம் என்று வைத்தது. இதனால் 30 லட்சம் டாலருக்குச் சுத்தி தட்டிய பொருள் 2024 கோடையில் 36 லட்சம் என்றும், 2025 கோடையில் 37.6 லட்சம் என்றும் பதிவாகும். பொருளின் விலை ஒரு டாலர்கூட ஏறவில்லை. வரைபடம் போட்டுப் பார்ப்பவருக்கு மட்டும் ஏறியது போலத் தெரியும்.

2025 விகிதத்தில் கணக்கு இப்படி. முடிவுத் தொகை 25.4 லட்சம் டாலர் வரை இருந்தால் 1.27 ஆல் வகுத்தால் போதும். 25.4 லட்சத்துக்கு மேல், 98.6 லட்சம் வரை என்றால் முதலில் 25.4 லட்சத்தைக் கழித்து, மிச்சத்தை 1.22 ஆல் வகுத்து, வருவதோடு 20 லட்சம் கூட்டுங்கள். 37.6 லட்சத்தில் 25.4 போனால் 12.2. அதை 1.22 ஆல் வகுத்தால் 10. இருபதும் பத்தும் 30 லட்சம். பவுண்டுக்கும் யூரோவுக்கும் படிநிலைத் தொகை வேறு. ஒவ்வொரு ஏலத்தின் விற்பனை நிபந்தனைகளிலும் விகிதம் அச்சிட்டிருக்கும். அதை மட்டும் நம்புங்கள்.

இன்னொன்று: மில்லியன் என்பது 10 லட்சம். 21.9 மில்லியனை 21.9 கோடி என்று எழுதி அனுப்பும் செய்திகள் நிறையச் சுற்றுகின்றன. அது 2.19 கோடி.

விற்றவர் கைக்கு எவ்வளவு போகும்?

சுத்தியல் விலையிலிருந்து விற்பவரின் கமிஷன் போகும். மேலே சொன்ன 10,000 டாலர் நாற்காலிக்குக் கமிஷன் 10 சதவீதம் என்று வைத்தால் 9,000. அதில் படம் எடுத்த கூலி, இன்சூரன்ஸ், கொண்டுபோய்ச் சேர்த்த செலவு கழியும். வாங்கியவர் கொடுத்ததோ 12,700. இடையில் உள்ள 3,700-ஐச் சொல்லிக் காட்டினால் வீட்டுக்காரருக்கு நிலைமை உடனே விளங்கும்.

விலைபோகாத லாட்டை ஏன் குறித்துவைக்கச் சொல்கிறீர்கள்?

விற்ற விலையை ஊரே பேசும், விற்காததைப் பற்றி யாரும் மூச்சுவிடுவதில்லை. ஒரு மாதிரி நாற்காலி ஏலத்துக்கு ஐந்து வந்து, இரண்டு விற்று, மூன்று திரும்பிப் போயிருந்தால், அந்த இரண்டின் விலையை மட்டும் எழுதிவைத்த நோட்டு உங்களைக் குழியில் தள்ளும். மதிப்பீட்டின் கீழ்த் தொகைக்குக்கூட அந்தச் சாமானை எடுக்க ஆளில்லை என்பதுதான் அந்த மூன்றும் சொல்லும் செய்தி.

சிக்கல் என்னவென்றால், ஏலம் முடிந்ததும் இவை கண்ணில் படாது. பல நிறுவனங்களின் முடிவுப் பக்கத்தில் விற்காத லாட்டுக்கு எதிரே விலையே இருக்காது. சில நிறுவனங்கள் அந்தப் பக்கத்தையே எடுத்துவிடும். ஏலத்துக்கு முன்பே திரும்பப் பெற்ற லாட் கணக்கிலேயே வராது. "நூற்றுக்கு இத்தனை விற்றது" என்று வரும் அறிவிப்பில் பெரும்பாலும் அவை சேர்ந்திருக்காது. அதனால் ஏலத்துக்கு முந்தின நாளே முழுப் பட்டியலையும் பிடிஎஃப் ஆகவோ திரைப் படமாகவோ சேமியுங்கள். மறுநாள் முடிவோடு லாட் எண் வாரியாக ஒப்பிடுங்கள். விடுபட்ட எண்கள்தான் நீங்கள் தேடுவது.

திரும்பிய பொருள் ஓரிரண்டு ஆண்டில் வேறு ஊரில், வேறு நிறுவனத்தில், குறைந்த மதிப்பீட்டோடு மறுபடி வருவது சகஜம். பிரம்பின் கிழிசல், கைப்பிடியில் உள்ள கறை, முத்திரை இருக்கும் இடம் இவற்றை வைத்து அதே பொருள்தான் என்று கண்டுபிடிக்கலாம். பழைய படம் கையில் இருந்தால்தான் இது நடக்கும்.

நேரலையில் விலை ஏறிக்கொண்டே போனது. பிறகு பார்த்தால் விற்கவில்லை என்கிறார்கள். எப்படி?

பெரும்பாலான லாட்டுக்கு, இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று வைத்த, வெளியே சொல்லாத ஒரு ரிசர்வ் விலை இருக்கும். வழக்கமாக அது மதிப்பீட்டின் கீழ்த் தொகையைத் தாண்டாது. அந்த ரிசர்வ் வரை விற்பவர் சார்பில் ஏலக்காரரே விலை ஏற்றிக் கேட்கலாம். நிபந்தனைகளில் இதற்கு இடம் உண்டு. நீங்கள் பார்த்த ஏற்றத்தில் நிஜ ஆள் ஒருவர்கூட இல்லாமல் இருந்திருக்கலாம். பட்டியலில் லாட் பக்கத்தில் இருக்கும் சின்னக் குறியீடுகளையும் பாருங்கள். முன்கூட்டியே வெளியார் ஒருவர் வாங்க உறுதி கொடுத்திருந்தால் அங்கே குறி இருக்கும். அப்படிப்பட்ட லாட் விற்றது என்பதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

இதுவரை நடந்த பெரிய விலைகள் என்ன?

ஃப்ளாரன்ஸில் 18-ஆம் நூற்றாண்டில் கருங்காலியும் வண்ணக் கற்களும் இழைத்துச் செய்த பேட்மின்டன் கேபினெட் என்ற அலமாரி, 2004 டிசம்பரில் லண்டன் கிறிஸ்டீஸில் 1 கோடியே 90 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. 1990-ல் அது 86 லட்சம் பவுண்டுக்கு விற்றிருந்தது. ஐலீன் கிரேயின் டிராகன் நாற்காலி, ஈவ் சான் லோரான் சேகரிப்பு ஏலத்தில், 2009 பிப்ரவரியில் பாரிஸில் 2 கோடியே 19 லட்சம் யூரோ. அதன் மதிப்பீடு 20 முதல் 30 லட்சம்தான். மார்க் நியூசனின் அலுமினியச் சாய்வு இருக்கையான லாக்ஹீட் லவுஞ்ச், 2015 ஏப்ரலில் லண்டன் ஃபிலிப்ஸில் 24,34,500 பவுண்ட். ஃபிரான்சுவா-சேவியர் லலானின் காண்டாமிருக வடிவ எழுது மேசை 2023 அக்டோபரில் பாரிஸ் கிறிஸ்டீஸில் 1 கோடியே 83 லட்சம் யூரோ. அவருடைய நீர்யானை வடிவ மதுமேடை 2025 டிசம்பரில் நியூயார்க் சோத்பீஸில் 3 கோடியே 14 லட்சம் டாலர்.

நமக்கு நெருக்கமான ஒரு பெயரும் உண்டு. அமெரிக்க மரச்சாமான் வடிவமைப்பாளர் ஜார்ஜ் நகாஷிமா 1930-களின் பிற்பகுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே கட்டடப் பணியில் இருந்தவர். அவர் செய்த ஆர்லின் மேசை 2006-ல் நியூயார்க் சோத்பீஸில் 8,22,400 டாலருக்கு விற்றது.

இவை தெரிந்திருக்கட்டும். ஆனால் எந்தச் சாமானுக்கும் விலை சொல்ல இவற்றை அளவுகோலாக வைக்காதீர்கள். ஒன்றே ஒன்று அல்லது மிகச் சிலவே உள்ள பொருள், பெரிய சேகரிப்பிலிருந்து வந்தது, அதே நாளில் இரண்டு பிடிவாதக்காரர்கள் எதிரும் புதிருமாக நின்றார்கள். இத்தனையும் கூடினால்தான் அந்தத் தொகை.

சண்டிகர் நாற்காலி என்கிறார்களே, அது என்ன கதை?

சண்டிகர் நகரத்தைக் கட்டியபோது கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேவோடு வேலைசெய்த அவருடைய உறவினர் பியேர் ஜான்னரே, 1951 முதல் 1965 வரை அங்கேயே தங்கி அரசு அலுவலகம், பல்கலைக்கழகம், நீதிமன்றம், நூலகம் எல்லாவற்றுக்கும் தேக்கிலும் பிரம்பிலும் சாமான் வடிவமைத்தார். பல பட்டறைகளில் ஆயிரக்கணக்கில் செய்தார்கள். பிறகு உடைந்ததும் பழசானதுமாகக் கழித்துக்கட்டி, அரசே குப்பை விலைக்கு ஏலம் விட்டது. 1990-களின் கடைசியிலிருந்து பிரெஞ்சு வியாபாரிகள் சிலர் அவற்றை மொத்தமாக வாங்கிப் பழுதுபார்த்து பாரிஸிலும் நியூயார்க்கிலும் காட்சிக்கு வைத்தார்கள். விலை அதற்குப் பிறகுதான் ஏறியது. 2011-ல் மத்திய உள்துறை அமைச்சகம் சண்டிகரின் பாரம்பரியச் சாமான்களை விற்கவோ வெளியே அனுப்பவோ கூடாது என்று உத்தரவிட்டது. ஆனால் அவை 100 ஆண்டு ஆகாதவை. தொல்பொருள் சட்டத்தின் பிடிக்குள் வராததால், ஏற்கெனவே வெளிநாடு போனவை இன்றும் ஏலத்தில் வருகின்றன.

முடிவுகளில் "பிஜே-எஸ்ஐ-28" என்று ஆரம்பிக்கும் எண் கைவைத்த அலுவலக நாற்காலி, "பிஜே-எஸ்ஐ-29" என்பது தாழ்வான சாய்வு நாற்காலி. ஒரே எண்ணிலேயே விலை பல மடங்கு வேறுபடும். ஜோடியா ஒற்றையா, எந்தக் கட்டடத்தின் முத்திரை, முதலில் வாங்கிய ரசீது இருக்கிறதா, எவ்வளவு மரம் புதிதாக மாற்றியது என்று ஒவ்வொன்றும் விலையைத் தள்ளும் அல்லது இழுக்கும். இரண்டு, எட்டு என்று ஒன்றாக விற்றதை ஒரு நாற்காலி விலையாக வகுத்து எழுதுங்கள். பக்கத்தில் எத்தனை சேர்ந்து விற்றது என்பதையும் குறியுங்கள். நல்ல ஜோடி, இரண்டு ஒற்றையைவிட அதிகம் போகும்.

அதே மாதிரி ஒன்று என் கடையில் இருக்கிறது. அசலா என்று எப்படிப் பார்ப்பது?

தலைகீழாகக் கவிழ்த்துப் போடுங்கள். பார்க்க வேண்டியது எல்லாம் அடியில்தான் இருக்கிறது.

பெயிண்டில் எழுதிய முத்திரை எழுத்தை டார்ச் அடித்து, சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். கீறல் எழுத்தின்மேல் ஏறி அதையும் வெட்டிக்கொண்டு ஓடினால், எழுத்து கீறலுக்கு முந்தியது. கீறலின் பள்ளத்துக்குள் பெயிண்ட் இறங்கியிருந்தால், பழைய மரத்தில் பின்னால் எழுதியது. போலிகள் அதிகம் மாட்டிக்கொள்வது இந்த ஒரு சோதனையில்தான்.

அடுத்து ஆணியும் ஸ்க்ரூவும். தேக்கில் இரும்பு ஆணி இறங்கினால் நாள்பட அதைச் சுற்றிக் கருப்பு வளையம் விழும். ராயபுரம், காசிமேடு மாதிரி உப்புக் காற்று அடிக்கும் இடத்தில் இது சீக்கிரமே வரும், அதனால் வளையத்தை வைத்து வயது சொல்லாதீர்கள். ஆனால் துருப்பிடித்த ஆணியைச் சுற்றி வளையமே இல்லை என்றால் ஆணியை வேறெங்கிருந்தோ எடுத்து அடித்திருக்கிறார்கள். கூட்டல்குறித் தலை ஸ்க்ரூ 1930-களில் வந்தது. 1890-ஐச் சேர்ந்தது என்று சொல்லும் நாற்காலியில் அது இருந்தால் அந்தப் பகுதியாவது பிறகு கழற்றி மாட்டியது.

பிரம்பைப் பாருங்கள். சட்டத்தில் வரிசையாகத் துளையிட்டுக் கையால் பின்னியதா, காடி எடுத்து அதற்குள் பின்னிய பாயைப் பசை வைத்து அழுத்தியதா? பிந்தியது இயந்திரப் பாய். துளை இருந்தும் அதை மூடிவிட்டுக் காடி எடுத்திருந்தால், யாரோ அவசரத்தில் பழுது பார்த்திருக்கிறார்கள்.

கடைசியாக அளவு. ஏலப் பட்டியலில் உயரம், அகலம், ஆழம் சென்டிமீட்டரில் இருக்கும். உங்களுடையது 2 அல்லது 3 சென்டிமீட்டர் குட்டை என்றால் கால் நுனியைப் பாருங்கள். மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து நிற்கும் தாழ்வான பகுதிகளில் உளுத்துப்போன கால் நுனியை அறுத்துவிடுவது வழக்கம். நாலு காலும் சமமாக அறுபட்டிருக்கும் என்பதால் நின்றபடி பார்த்தால் தெரியாது. பட்டறைக்குப் பட்டறை சில மில்லிமீட்டர் மாறுவதைக் குறையாகச் சொல்லக் கூடாது.

விற்பதற்கு முன் பாலிஷ் போடலாமா?

போடாதீர்கள். மெஷின் வைத்துத் தேய்த்து மெலமைன் பூசிய தேக்கு நாற்காலி கடை வாசலில் பளபளக்கும், ஏலத்தில் அதன் மதிப்பீடு விழும். ஒருமுறை தேய்த்த மேல்தோல் திரும்ப வராது.

வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு மிதமான சோப்பு விட்டு, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றுங்கள். பழைய பூச்சு எது என்று தெரிய, அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு பாலிஷ். அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தால் ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 முதல் 200 கிராம் அரக்குத் தகடு போட்டு, ஒரு இரவு ஊறவிட்டு வடிகட்டி, மெல்ல மெல்லப் பல கை போடலாம். மழை நாளில் போட்டால் வெள்ளை பூக்கும்.

ஆடும் இணைப்புக்கு வஜ்ஜிரம்தான் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை). 60 டிகிரி வாக்கில் சூடாக்கினால் போதும். கொதிக்கவிட்டால் பிடிப்பு போய்விடும். வஜ்ஜிரம் வைத்த கழுந்தைச் சூடும் ஈரமும் காட்டிப் பிறகு பிரிக்கலாம். எபாக்சி வைத்ததைப் பிரிக்க மரத்தைத்தான் உடைக்க வேண்டும். பழைய பிரம்பை எடுத்தால் ஒரு துண்டைப் பையில் போட்டு நாற்காலியோடேயே வையுங்கள்.

பாட்டி வீட்டுப் பெரிய ஈட்டி மர அலமாரிக்கும் இந்த விலை வருமா?

வராது. கனமான, செதுக்கல் நிறைந்த விக்டோரியா காலப் பாணிச் சாமானுக்கு 2000-க்குப் பிறகு இங்கிலாந்து ஏலங்களிலேயே விலை நன்றாகச் சரிந்துவிட்டது. சின்ன வீடுகளில் அதற்கு இடமில்லை. நம் ஊரில் அதன் மரத்துக்கும் வேலைப்பாட்டுக்கும் உள்ள மதிப்பே அதன் விலை. அதை நாற்காலி ஏலத்தோடு முடிச்சுப் போட வேண்டாம்.

ரயில்வே முத்திரை உள்ள நாற்காலி கிடைத்தால்?

பெரம்பூர் பக்கம் இது வரும். "எம் அண்ட் எஸ்எம்" என்று ஆங்கில எழுத்துகளில் முத்திரை இருந்தால் அது மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே. அந்த நிறுவனம் அந்தப் பெயரில் இயங்கியது 1908 முதல் 1951 ஏப்ரல் வரை. அதன்பின் தெற்கு ரயில்வேயில் சேர்ந்துவிட்டது. நாற்காலியின் வயதுக்கு இதைவிட உறுதியான சாட்சி கிடைப்பது அபூர்வம். கூடவே, கழித்துக்கட்டிய ஏலத்தில் எடுத்த ரசீதையும் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் அது அரசுச் சொத்து இல்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டிவரும். முத்திரையைத் தேய்த்து எடுப்பவர் விலையையும் சேர்த்தே தேய்த்து எடுக்கிறார்.

நோட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

ஏலத் தேதி, நிறுவனம், ஊர், லாட் எண். வடிவமைத்தவர், செய்த பட்டறை, வடிவமைத்த ஆண்டு, செய்த ஆண்டு. கடைசி இரண்டையும் சேர்த்து எழுதாதீர்கள். ஈம்ஸ் லவுஞ்ச் நாற்காலி 1956-ல் வடிவமைத்தது, இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். பிரெஞ்சு வடிவமைப்பாளர் ப்ரூவேயின் ஸ்டாண்டர்ட் நாற்காலியை விட்ரா நிறுவனம் 2002 முதல் மறுபடி செய்துவருகிறது. பழையதற்கும் புதியதற்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். "அவர் பாணியில்", "அவருடையது எனக் கருதப்படுவது" என்ற சொற்கள் இருந்தால் அப்படியே எழுதுங்கள். பிறகு மரம், அளவு, எத்தனை உருப்படி, மதிப்பீடு இரண்டும், சுத்தியல் விலை, பிரீமியத்தோடு விலை, நாணயம், பழுது, முன்பு யாரிடம் இருந்தது, விற்றதா திரும்பியதா. ஒரு மாதிரிக்குப் பத்துப் பன்னிரண்டு வரி சேர்ந்த பிறகு பாருங்கள். உச்சியில் ஒன்றையும் அடியில் ஒன்றையும் விட்டுவிட்டு நடுவில் எது திரும்பத் திரும்ப வருகிறதோ அதுவே விலை.

ரூபாய்க்கு மாற்றும்போது ஏலத் தேதியின் மாற்று விகிதத்தையே போடுங்கள். எஃப்பிஐஎல் (ஃபைனான்ஷியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா) நாள்தோறும் வெளியிடும் குறிப்பு விகிதம் போதும். 2009-ன் யூரோவை இன்றைய விகிதத்தில் மாற்றுவது தப்பு.

நம் சாமானை வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பலாமா?

மூன்று தடைகளைத் தாண்ட வேண்டும். 100 ஆண்டைத் தாண்டிய பொருள் என்றால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி தனியார் யாரும் ஏற்றுமதி செய்ய முடியாது. அதைவிட வயது குறைந்தது, ஆனால் பழமையாகத் தெரிகிறது என்றால், இது தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்க வேண்டும். அவர்களின் சென்னை வட்ட அலுவலகம் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது.

மரம் அடுத்தது. ஈட்டி உட்பட டால்பெர்ஜியா பேரினம், பிரேசிலிய ஈட்டி நீங்கலாக, 2017 ஜனவரி முதல் சைட்டீஸ் (அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய) உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. வேண்டிய அனுமதித் தாள் இல்லாமல் அனுப்பினால் அங்கே துறைமுகத்திலேயே பிடித்துவைக்கலாம். தந்தம் இழைத்தது என்றால் யோசனையையே விட்டுவிடுங்கள். இங்கே அதை விற்பதே குற்றம். பிரிட்டனிலும் 2022 ஜூன் முதல் தந்தச் சட்டம் நடப்பில் இருக்கிறது, விலக்குகள் மிகக் குறைவு.

மூன்றாவது பேக்கிங். நாற்காலி சரியாக இருந்தும் அதை வைத்த மரப்பெட்டியால் சரக்கு நிற்பது உண்டு. பெட்டி மரம், மரப் பேக்கிங்குக்கான ஐஎஸ்பிஎம் 15 என்ற பன்னாட்டு விதிப்படி, உட்புறம்வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடுகாட்டி, கோதுமைக் கதிர் முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும். பட்டறையில் மிஞ்சிய பலகையில் பெட்டி அடித்து அனுப்பாதீர்கள்.

இதையெல்லாம் பார்க்கப் பணம் கட்ட வேண்டுமா?

ஏல நிறுவனங்களின் பட்டியல், முடிவு, நேரலை மூன்றும் இலவசம். லைவ்ஆக்ஷனியர்ஸ் மாதிரி தளங்களில் பழைய விலை தெரிய ஒரு கணக்குத் தொடங்கினால் போதும். ஆர்ட்நெட் போன்ற விலைத் தரவுத்தளங்களுக்குக் கட்டணம் உண்டு. ஒரு குறிப்பிட்ட பெரிய சாமானுக்காக என்றால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டி, வேண்டியதை நோட்டில் ஏற்றிக்கொண்டு நிறுத்திவிடலாம். சாமானின் நிலை பற்றிய அறிக்கையை ஏலத்துக்கு முன் கேட்டால் பெரும்பாலும் மின்னஞ்சலில் அனுப்புவார்கள். ஏலம் முடிந்த பிறகு கேட்டால் கிடைப்பது அரிது.